கார் வராத சாலையைக் கிளம்பும் முன்பே கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ஜூன் கடைசியில் பத்து நாள் விடுப்பு, பாரிஸிலிருந்து ரோடு பைக்கை ரயிலில் ஏற்றிக்கொண்டு கிளம்பத் தயார். ஆல்ப்ஸ் மாதிரி மலை வேண்டாம், பெரிய ஏற்றமே இல்லாமல் வயல்காடு போதும். ஒரு நாளைக்கு 70, 80 கி.மீ. பிரான்ஸில் கார் தொல்லையே இல்லாத பகுதி எது, பாதுகாப்பு எப்படி? இப்படிக் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: போன வருஷம் ஒரு செயலி போட்டுக்கொடுத்த வழியை நம்பிப் போய், பாதி நாள் லாரிகளுக்கு ஒதுங்கியே கழிந்தது என்று. எனக்கு அந்த வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. எந்தப் பகுதிக்குப் போனாலும் லாரி ஓடும் சாலையும் இருக்கும், பொழுது முழுக்க நாலைந்து வண்டி மட்டும் வரும் சாலையும் இருக்கும். எது எப்படிப்பட்டது என்று வீட்டில் உட்கார்ந்தே தெரிந்துகொள்ள முடியுமா என்றால், பெரும்பாலும் முடியும்.

நான் துலூஸில் இருக்கிறேன். சாலைகளில் எத்தனை வண்டி ஓடுகிறது என்று கணக்கெடுப்பது என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர் சைக்கிள் சங்கத்தோடு ஓட்டுவது பழக்கம். ஆகவே நான் சொல்வதில் தென்மேற்குப் பக்கத்துக்கே எடை கூடுதல். மற்ற பகுதிகளைப் பற்றிச் சொல்லும்போது விருந்தாளியாகப் போய் வந்தவன் பேச்சு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்த அமைதி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். பிரான்ஸில் 10 லட்சம் கி.மீ.க்கும் மேல் சாலை இருக்கிறது. அதில் ஓட்டோரூட் என்கிற அதிவேகச் சாலைகள் சுமார் 12,000 கி.மீ.தான். மாவட்ட நிர்வாகத்தின் கையில் கிட்டத்தட்ட 3.8 லட்சம் கி.மீ. இருக்கிறது. மீதியில் பெரும்பகுதி, சுமார் 7 லட்சம் கி.மீ., கொம்யூன் என்கிற ஊராட்சிகளுடையது. ஏறத்தாழ 35,000 ஊராட்சிகள். ஒவ்வொன்றிலிருந்தும் பக்கத்து ஊருக்கும், எல்லைக்குள் சிதறிக் கிடக்கும் பண்ணை வீடுகளுக்கும் தார் போட்ட வழி உண்டு. விவசாயத்துக்கு இயந்திரம் வந்தபின் ஆட்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள், சாலை மட்டும் அப்படியே இருக்கிறது. ஜெர்ஸ் மாவட்டத்தில் இன்று சதுர கி.மீ.க்கு 30 பேர், க்ரூஸில் 20 சொச்சம். ரசிப்பதற்கென்று யாரும் இந்தச் சாலைகளைப் போடவில்லை. பால் கேனும் கோதுமை மூட்டையும் போவதற்குப் போட்டது நமக்கு வாய்த்திருக்கிறது.

இனி வரைபடம். மிஷ்லான் (Michelin) நிறுவனத்தின் மாவட்ட வரைபடம் ஒன்றை காகிதத்திலேயே வாங்குங்கள், 1:1,50,000 அளவில் இருப்பது. அதில் சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று மூன்று நிறத்தில் சாலைகள் இருக்கும். சிவப்பில் போகவே கூடாது. மஞ்சளில் போகலாம், சலித்து எடுத்து. வெள்ளைதான் உங்களுக்கானது. கோட்டின் மேல் சின்ன அம்புக்குறி ஒன்று இருந்தால் 5 முதல் 9 சதவீத ஏற்றம், இரண்டு என்றால் 13 வரை, மூன்று என்றால் அதற்கும் மேல். அம்பு பார்க்கும் பக்கம் மேடு. ஓரத்தில் பச்சைக் கோடு போட்டிருந்தால் காட்சி அழகு என்று பொருள். அதைப் பார்த்து மயங்காதீர்கள், காரில் வருகிறவர்களும் அதே பச்சையைப் பார்த்துத்தான் வருகிறார்கள்.

சாலை எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. ‘டி’ என்று தொடங்கினால் மாவட்டச் சாலை, சின்னது, அமைதியானது என்று பலர் நினைக்கிறார்கள். 2004-இல் வந்த சட்டத்தின்படி தேசியச் சாலைகளில் பெரும்பகுதி 2006 வாக்கில் மாவட்டங்களின் கைக்கு மாறியது. பெயர்ப்பலகை மாறியது, லாரிகள் மாறவில்லை. ‘என்’ என்பது தேசியச் சாலை: பழைய என்-20 இன்று எங்கள் பக்கம் டி-820, பழைய என்-113 இன்று டி-813. ஆகவே 800, 900 என்று பெரிய எண்ணாகத் தொடங்கும் மாவட்டச் சாலையைக் கண்டால் முதலில் சந்தேகப்படுங்கள். உங்கள் செயலி வழி தவறியதற்கும் இது ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அது என் ஊகம், வழியைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

நிறத்தைவிட நம்பகமானது எண்ணிக்கை. மாவட்ட நிர்வாகங்கள் பலவும் தங்கள் சாலைகளில் ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை வண்டி ஓடுகிறது என்பதை ஒரு வரைபடமாகவே வெளியிடுகின்றன. மாவட்டத்தின் பெயரோடு ‘கொம்த்தாஜ் ருத்தியே’ என்று பிரெஞ்சில் தேடினால் கிடைக்கும். சாலைக்குக் குறுக்கே கறுப்பு ரப்பர் குழாய் ஒன்றோ இரண்டோ ஆணியடித்துக் கிடப்பதையும், ஓரத்துக் கம்பத்தில் சங்கிலி போட்டுப் பூட்டிய சின்னப் பெட்டியையும் பார்த்திருப்பீர்கள். அதைப் போட்டுவிட்டுப் போவது எங்களைப் போன்றவர்கள்தான். டயர் ஏறும்போது குழாயில் காற்று அழுந்தும், பெட்டி எண்ணிக்கொள்ளும்.

அந்த எண்ணை சைக்கிள் மேல் உட்கார்ந்திருப்பவனின் கணக்காக மாற்றுவது எளிது. நாளொன்றுக்கு 500 வண்டி என்று எழுதியிருக்கிறது என்று வையுங்கள். பகல் வேளையில் மணிக்குச் சுமார் 35. அதில் பாதி எதிரே வருவது, அது தொல்லை இல்லை. மீதி 17 உங்கள் திசையில் போவது. நீங்களும் நகர்ந்துகொண்டே இருப்பதால் அத்தனையும் உங்களை எட்டாது. கார் 70 கி.மீ. வேகத்திலும் நீங்கள் 20-லும் போனால் மணிக்குப் பன்னிரண்டு கார்தான் பின்னாலிருந்து வந்து முந்தும், அதாவது ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. இதே கணக்கில் 100 வண்டிச் சாலை என்றால் இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு கார். 3,000 என்றால் ஐம்பது நொடிக்கு ஒன்று, பேச்சே எழாது. 500-க்குக் கீழே இருந்தால் கவலையில்லாமல் ஓட்டலாம், 1,000 வரை பொறுத்துக்கொள்ளலாம், 2,000 தாண்டினால் ஓர் ஆற்றுப் பாலத்தைக் கடக்க ஒன்றிரண்டு கி.மீ. போவதோடு நிறுத்திக்கொள்வேன். இந்த வரம்புகள் என் சொந்த ரசனை, எந்தக் கையேட்டிலும் இல்லை.

இந்த எண்கள் ஆண்டுச் சராசரி என்பதை மறக்க வேண்டாம். சந்தை நாளின் காலை, அறுவடை லாரி, ஆகஸ்ட் கூட்டம் எல்லாம் அதில் கரைந்து போயிருக்கும். ஃப்ளோரான்ஸில் செவ்வாய்க்கிழமைச் சந்தை, லெக்தூரில் வெள்ளிக்கிழமை. அந்த நாட்களில் முற்பகலில் அந்த ஊர்களை நோக்கிப் போகும் மஞ்சள் சாலைகளில் சராசரியை நம்பிப் போகக் கூடாது. ஊராட்சிச் சாலைகளில் பெரும்பாலும் குழாய் போடுவதும் இல்லை, போடும் அளவுக்கு வண்டி இல்லை என்பதால். அங்கே என் வழி வேறு: கணினியில் தெருப் படத்தைத் திறந்து, சாலை நடுவில் வெள்ளைக் கோடு இருக்கிறதா என்று பார்ப்பேன். கோடு இல்லாமல், மூன்று மீட்டர் அகலத்தில், சக்கரம் படும் இரண்டு தடம் மட்டும் வழவழப்பாகி நடுவே சரளையும் புல்லும் தெரிந்தால் அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. சாலையில் இறங்கிய பிறகு கி.மீ. கல்லின் தலையைப் பார்த்தாலும் தெரியும். சிவப்புத் தலை தேசியச் சாலை, மஞ்சள் மாவட்டச் சாலை.

இப்போது கொஞ்சம் கசப்பான செய்தி. அமைதியும் வேண்டும், சமதளமும் வேண்டும் என்றால் இந்த நாட்டுப்புறத்தில் இரண்டும் சேர்ந்து கிடைப்பது அரிது. சமமான இடம் ஆற்றுப் படுகை. அங்கேதான் ரயில் போனது, கால்வாய் போனது, நெடுஞ்சாலையும் போனது, தொழிற்பேட்டையும் வந்தது. ஆளில்லாத சாலைகள் மேட்டின் முதுகிலும், ஒரு படுகையிலிருந்து அடுத்ததற்குத் தாண்டும் குறுக்கு வழிகளிலும்தான் மிஞ்சியிருக்கின்றன. மேடு ஏறுவதுதான் அந்த அமைதிக்கு நாம் கொடுக்கும் விலை. ‘பெரிய ஏற்றமே இல்லாமல்’ என்று நீங்கள் எழுதியதை ‘நீண்ட ஏற்றம் இல்லாமல்’ என்று மாற்றிக்கொண்டால் வழி திறக்கும்.

அப்படி மாற்றிக்கொண்டால் உங்களுக்கு நான் சொல்வது ஜெர்ஸ் மாவட்டம், துலூஸுக்கு மேற்கே. இதன் நிலஅமைப்பைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தெற்கே பிரெனே (பைரனீஸ்) மலையடியில் லான்மெசான் மேட்டுநிலம் இருக்கிறது. அங்கிருந்து சாவ், ஜிமோன், அராட்ஸ், ஜெர்ஸ், பாயிஸ் என்று ஆறுகள் விசிறி மடிப்புபோல விரிந்து வடக்கே ஓடுகின்றன. வடக்கு தெற்காக ஓட்டினால் ஆற்றோடு சமமாகப் போகலாம், ஆனால் அங்கே வண்டிகளும் கூடவே வரும். கிழக்கு மேற்காக ஓட்டினால் ஒவ்வோர் ஆற்றுக்கும் ஓர் இறக்கம், ஓர் ஏற்றம். ஏற்றம் ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு கி.மீ.தான், 6 முதல் 8 சதவீதம், சில இடத்தில் இன்னும் செங்குத்து. ஆனால் 80 கி.மீ. முடிக்கும்போது மொத்தம் 900, 1,000 மீட்டர் ஏறியிருப்பீர்கள். பல்சக்கரம் முன்னால் 34 பல், பின்னால் 32 பல் இருந்தால் முழங்கால் வாழ்த்தும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. இந்தப் படுகைகள் இருபக்கமும் ஒரே சாய்வு கொண்டவை அல்ல. பொதுவாக ஆற்றின் கிழக்குக் கரை செங்குத்தாகவும், மேற்குக் கரை நீண்டு மெதுவாக உயர்வதாகவும் இருக்கும். கிழக்கிலிருந்து மேற்கே போனால் சட்டென்று இறங்கி, சாவகாசமாக ஏறலாம். திரும்பி வரும்போது நேர்மாறு. காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கும் என்பதால் போகும்போது முகத்தில் காற்று, வரும்போது முதுகில். எது தேவலை என்று சங்கத்தில் இன்னும் சண்டை நடக்கிறது. புதிதாக வருகிறவருக்குக் கிழக்கிலிருந்து மேற்கே போவதுதான் நல்லது என்பது என் கட்சி.

துலூஸிலிருந்து ஓஷ் போகும் வட்டார ரயிலில் லீல்-ஜூர்தானில் இறங்குங்கள். துலூஸின் புறநகர் நெரிசல் அதோடு கழிந்துவிடும். அங்கிருந்து வெள்ளைச் சாலைகளில் கொலோஞ், அடுத்து மோவெசான், மாலைக்குள் ஃப்ளோரான்ஸ். ஏறத்தாழ 60 கி.மீ., முதல் நாளுக்குப் போதும். கொலோஞ் சதுக்கத்தில் மரத்தூண்கள் தாங்கும் பழைய சந்தை மண்டபம் இருக்கிறது, நிழலுக்கு அதைவிட நல்ல இடம் வழியில் கிடைக்காது. ஃப்ளோரான்ஸிலிருந்து லெக்தூர் பக்கத்தில்தான், ஆனால் நேர்வழி என்-21. அதில் காலே வைக்காதீர்கள், சுற்றிப் போனாலும் குன்று மேல் போங்கள். லெக்தூர் ஒரு குன்றின் உச்சியில் இருக்கிறது. வானம் தெளிந்த காலையில் தெற்கே பிரெனே மலைத்தொடர் முழுதும் தெரியும். அங்கிருந்து லா ரோமியூ, கோந்தோம், பிறகு வட்டமாகக் கட்டிய ஃபூர்செஸ் என்று போகலாம். இந்தத் துண்டை நான் விரும்பிச் சொல்வதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு: ஸ்பெயினின் சாந்தியாகோவுக்கு நடந்து போகும் யாத்திரிகர்களின் பாதை லெக்தூர், லா ரோமியூ, கோந்தோம் வழியாகப் போகிறது. அதனால் சின்ன ஊரிலும் படுக்கையும் இரவுச் சாப்பாடும் கிடைக்கிறது. மற்ற பக்கம் 30 கி.மீ.க்கு ஒரு கடை திறந்திருந்தாலே பெரிய விஷயம்.

பாதுகாப்பைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது இது: பிரான்ஸில் ஆண்டுக்கு 200-க்கும் மேற்பட்ட சைக்கிள்காரர்கள் சாலையில் இறக்கிறார்கள், அதில் பாதிக்கும் மேல் ஊருக்கு வெளியே உள்ள சாலைகளில். கார் குறைவான இடத்தில் கார் வேகமாக வருகிறது. நடுத்தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில் 2018 ஜூலை முதல் வேக வரம்பு 80. பின்னால் வந்த சட்டத்தால் சில மாவட்டங்கள் தங்கள் சாலைகளில் 90-க்குத் திரும்பிவிட்டன. முந்தும் கார் ஊருக்கு வெளியே உங்களிடமிருந்து 1.5 மீட்டர், ஊருக்குள் 1 மீட்டர் விலக வேண்டும் என்பது சட்டம். எதிரே வண்டி இல்லையென்றால் அதற்காகத் தொடர் கோட்டைத் தாண்டவும் கார்க்காரருக்கு அனுமதி உண்டு. மூன்று மீட்டர் அகல வெள்ளைச் சாலை மற்றதைவிடப் பத்திரமானது என்பது என் கணிப்பு. அங்கே யாரும் வேகமாக ஓட்ட முடியாது, காரும் சைக்கிளும் ஒன்றையொன்று பார்த்து ஒதுங்கியே ஆக வேண்டும். ஆனால் இதைக் கணக்குப் போட்டு நிறுவுவது கடினம், எங்கள் குழாய்கள் கார்களை எண்ணத்தான் போடப்படுகின்றன, சைக்கிள்களை எண்ண அல்ல. இந்தச் சாலைகளில் கொஞ்சம் அஞ்ச வேண்டிய ஒரே ஆள் மஞ்சள் வேனில் வரும் தபால்காரர். ஒவ்வொரு வளைவும் அவருக்கு மனப்பாடம், எதிரே ஆள் வரும் என்பதுதான் பழக்கமில்லை.

சட்டத்தில் இன்னும் சில: இருவர் இணையாக ஓட்டலாம், பின்னால் வண்டி முந்த வந்தாலும் பொழுது சாய்ந்தாலும் ஒற்றை வரிசைக்கு வந்துவிட வேண்டும். காதில் பாட்டுக் கருவி மாட்டி ஓட்ட 2015 முதல் தடை. ஊருக்கு வெளியே இருட்டிலும் மூடுபனியிலும் ஒளிரும் சட்டை கட்டாயம். பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்துச் சந்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை, அது எவ்வளவு சின்னச் சந்தாக இருந்தாலும். கிராமத்துக்குள் நுழைந்ததும் பிரேக்கில் விரலை வையுங்கள்.

ஜூன் கடைசி, ஜூலையில் எனக்கு உண்மையில் தொல்லை தருவது காரைவிடச் சரளைக்கல்தான். கோடையில் சின்னச் சாலைகளைப் புதுப்பிக்கும்போது தாரை ஊற்றி மேலே பொடிக்கல்லைக் கொட்டிவிட்டு, ஓடும் வண்டிகளே அழுத்தட்டும் என்று விட்டுவிடுவார்கள். வண்டி குறைவான சாலையில் கல் அழுந்த வாரக்கணக்கில் ஆகும். ‘கிராவியோன்’ என்று பலகை கண்டால் இறக்கத்தில் வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவில் பிரேக்கைத் தொடாதீர்கள். அதற்காகவே 28 மி.மீ.க்குக் குறையாத டயர் போடச் சொல்வேன், 32 இன்னும் உத்தமம். மழை பெய்தால் டிராக்டர் சக்கரம் கொண்டுவந்து கொட்டிய களிமண் சோப்புக்கட்டிதான். மாலையில் இடி வந்தால் மேட்டு முதுகை விட்டுப் படுகைக்கு இறங்கிவிடுங்கள். வெயில் 35-ஐத் தாண்டும் நாளும் வரும். காலை ஆறரைக்கு வெளிச்சம் வந்துவிடுகிறது, பன்னிரண்டுக்குள் ஓட்டி முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

தண்ணீருக்கு இங்கே எல்லோருக்கும் தெரிந்த ஓர் உபாயம் கல்லறைத் தோட்டம். ஊர் எவ்வளவு சின்னதானாலும் தேவாலயத்தை ஒட்டியோ கொஞ்சம் தள்ளியோ ஒரு கல்லறைத் தோட்டமும், பூச்செடிக்கு ஊற்ற ஒரு குழாயும் இருக்கும். ‘நோன் பொத்தாப்ல்’ என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்க வேண்டாம். கடைகள் பன்னிரண்டிலிருந்து இரண்டு, மூன்று மணிவரை மூடியிருக்கும். ஞாயிறு மதியத்துக்குப் பிறகும் திங்கட்கிழமையும் ரொட்டிக்கடை திறந்திருந்தால் அதிர்ஷ்டம். சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இது வாத்து நாடு, சும்மா உருளைக்கிழங்கு வறுவல் என்று கேட்டாலும் அது வாத்துக் கொழுப்பில் வறுத்ததாக இருக்கும்.

ஏற்றமே கூடாது என்று உறுதியாக இருந்தால், துலூஸிலிருந்து மேற்கே போகும் கரோன் கால்வாய்க் கரை இருக்கிறது. 193 கி.மீ., கார் இல்லாத தார்ப்பாதை, மரநிழல். குழந்தைகளோடு போக அருமை. ரோடு பைக் ஓட்டும் ஆளுக்கு இரண்டாம் நாளே அலுத்துவிடும் என்று நினைக்கிறேன், எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே தண்ணீர், அதே மரவரிசை. பழைய ரயில்பாதையை மாற்றிப் போட்ட ‘வோய் வெர்த்’ வழிகளும் அப்படித்தான். 1997-இல் திறந்த, நாட்டின் முதல் பாதையான, பர்கண்டிப் பகுதியின் ஜிவ்ரி–க்ளூனி 44 கி.மீ.யை நான் அங்கே போகிறவர்களுக்குச் சொல்வது, பக்கத்து ப்ரியோனே மேடுகளுக்குள் நுழைய ஒரு வாசலாகத்தான். அங்கே புல்வெளி, வேலி, வெள்ளை மாடு, பழைய ரோமனெஸ்க் பாணித் தேவாலயங்கள், வெள்ளைச் சாலைகள் எல்லாம் நிறைய. க்ரூஸ் இன்னும் ஆளற்றது, இன்னும் பச்சை, மழையும் அதிகம், கடையோ ஜெர்ஸைவிடக் குறைவு. தொர்தோஞ் அழகானதுதான். ஜூலை, ஆகஸ்டில் அதன் ஆற்றோரச் சாலையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கடைசியாக ரயில், ஏனென்றால் உங்கள் திட்டம் கவிழ்ந்தால் இங்கேதான் கவிழும். டிஜிவி என்கிற அதிவேக ரயிலில் சைக்கிளை அப்படியே ஏற்ற இடம் மிகக் குறைவு, எல்லா வண்டியிலும் கிடையாது, முன்பதிவு கட்டாயம். இடம் கிடைக்காவிட்டால் சக்கரத்தைக் கழற்றி, குறிப்பிட்ட அளவுக்குள் அடங்கும் பையில் போட்டு ஏற்ற வேண்டும். லிமோஜ் வழியாக பாரிஸிலிருந்து துலூஸ் வரும் இன்டர்சிட்டே என்கிற வழக்கமான வேகத் தொலைதூர ரயிலிலும் சைக்கிளுக்கு முன்பதிவு வேண்டும். நேரம் கூடுதல் ஆனாலும் பைக்கைக் கழற்ற வேண்டியதில்லை என்பதால் நான் இதைத்தான் எடுப்பேன். துலூஸிலிருந்து லீல்-ஜூர்தானுக்கு வட்டார ரயில், முக்கால் மணிநேரம்போல. வெள்ளி மாலையைத் தவிர்த்தால் சைக்கிளுக்கு இடம் இருக்கும். திரும்பும்போது கோந்தோமிலிருந்தோ லெக்தூரிலிருந்தோ வடக்கே இறங்கி அஜான் வந்தால் பொர்தோ–துலூஸ் தடம். எந்தப் பக்கம் இருந்தாலும் ஏறத்தாழ 40 கி.மீ.தான். முதலில் சைக்கிள் இடம் கிடைக்கும் இரண்டு தேதிகளைப் பிடியுங்கள், தங்குமிடத்தை அப்புறம் பார்க்கலாம். வரைபடத்தில் நீங்கள் தேர்ந்தெடுத்த வழியைக் கீழே போட்டால், எந்தத் துண்டில் குழாய் போட்டிருக்கிறோம், எண் எவ்வளவு என்று பார்த்துச் சொல்கிறேன்.